குழாய் உடைந்ததற்கு ஒரு சான்றிதழ்

பொய் சொல்வதற்கும் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். டாக்டர் வீட்டு விசேஷத்துக்கு வயிற்று வலி என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? மாத்திரையோடு வந்து நிற்பார். நம்முடைய கண்ணாடிக்காரருக்கு அந்த முன்யோசனை இல்லை. குழாய் வேலை செய்கிற மனிதரிடம் போய், "குழாய் உடைஞ்சு போச்சு, அதனால ரூம் இல்ல" என்று சொன்னார். அவர் பட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான். பட்டது போதாது என்பது என் அபிப்பிராயம்; அதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். முன்னால் கடை, பின்னால் வீடு, மேலே ஒரு மாடி அறை, பக்கவாட்டில் ஒரு இரும்பு கேட். முப்பது வருஷமாக ஜனங்களை நாற்காலியில் உட்கார வைத்து, எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, "இப்பத் தெரியுதா? இதுல தெரியுதா, அதுல தெரியுதா?" என்று கேட்டே காலம் தள்ளியவர். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு மாடி அறை சும்மா கிடந்தது. நாலு தெரு தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி. நாள் வாடகைக்குத் தங்க ஆள் அனுப்பும் கம்பெனி ஒன்றில் அறையைப் பதிந்து வைத்தார்.

அந்தக் கம்பெனிக்குப் பாகுபாடு என்றால் ஆகவே ஆகாது. அதனால் தங்க வருகிறவர்களின் பெயரையும் படத்தையும் அது வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவதில்லை. நம்பர் மட்டும்தான். ஆளைப் பார்த்து ஒதுக்குகிற புத்தி இதனால் ஒழிந்ததா என்றால், ஒழியவில்லை; கைபேசியில் இருந்தது கேட்டுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். முன்பெல்லாம் தங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டவர்கள், இப்போது பெட்டி படுக்கையோடு பஸ் ஏறி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

அன்றைக்கு வரவேண்டியது விருந்தினர் 4417. மூன்று நாள். இரண்டு பேர். முன்கூட்டியே அவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: மாடிக்கு எத்தனை படி? பதினாலு என்று கண்ணாடிக்காரர் பதில் போட்டிருந்தார்.

"படி எண்ணிக் கேக்கறாங்கன்னா யாரோ ஒடம்பு முடியாதவங்க. பாவம்" என்று அவர் மனைவி காலையிலேயே மாடிக்குப் போய்விட்டாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள், விரிப்பு மாற்றினாள், வாளி நிறையத் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தாள்.

பத்து மணிக்கு கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் நின்றார். ஒரு தோளில் துணிப்பை, இன்னொரு தோளில் கனத்த ரெக்சின் பை. பின்னால் அவர் மனைவி, ஒரு கையால் வயிற்றோரத்தை அணைத்துப் பிடித்தபடி, இன்னொரு கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு. கண்ணாடிக்காரர் கேட்டின் தாழ்ப்பாளில் கை வைத்தார். ஆளைப் பார்த்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

எதைப் பார்த்து நின்றது என்று கேட்காதீர்கள். அவரைக் கேட்டாலும் சொல்லமாட்டார். நிறமா, உடையா, பேச்சின் இழுப்பா, நெற்றியா, தாடியா? ஏதோ ஒன்று. 'இவங்க நம்மளவங்க இல்ல' என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாமும் ஏதாவதொரு கேட்டுக்கு உள்ளே நின்றவர்கள்தானே.

"ரூம் இல்லப்பா" என்றார். "மாடியில குழாய் உடைஞ்சு போச்சு. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. வேற எடம் பாத்துக்க."

அந்த ஆள் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்ளோதானா சார்? நான் குழாய் வேலைதான் பாக்கறேன். சாமானெல்லாம் பையிலயே இருக்கு. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவருக்கு வியர்த்தது. "இல்லப்பா, செவத்துக்குள்ள உடைஞ்சிருக்கு."

"செவத்தை ஒடைக்காமயே பாக்கலாம் சார். நீங்க கூலியெல்லாம் தர வேணாம். இவளுக்கு நாலு நாள் முந்தி ஆபரேஷன். தெனமும் வந்து கட்டு மாத்தணும், பக்கத்துலயே இருங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான்."

சரியாக அந்த நேரத்தில் மேலே இரண்டாவது வாளி நிரம்ப ஆரம்பித்தது. ஹோ என்று தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட் வரைக்கும் வந்தது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். இருமினார். தும்மக்கூடப் பார்த்தார், வரவில்லை. வாளி நிரம்பி, குழாயை மூடிய பிறகும் டொக், டொக் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் தலையைச் சாய்த்துக் கேட்டார். தொழில் அப்படி. கோபப்படவில்லை. ஒரு வார்த்தை தடிக்கவில்லை. கண்ணாடிக்காரரை நேராக ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வாஷர் தேஞ்சிருக்கு சார். அத மட்டும் மாத்திடுங்க. தண்ணி வீணாப் போவுது."

பிறகு மனைவியிடம், "வா, போலாம்" என்றார். அந்த அம்மா நாலு எட்டு நடந்தாள், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுபடி நடந்தாள். கண்ணாடிக்காரர் கடைக்குள் போய், ஏற்கனவே துடைத்திருந்த கண்ணாடிகளை மறுபடி துடைத்தார்.

"வந்துட்டாங்களா?" என்று மனைவி மாடியிலிருந்து கேட்டாள்.

"இல்ல. யாரோ அட்ரஸ் மாறி வந்துட்டாங்க" என்றார். ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று.

அடுத்த மூன்று நாளும் மாடி அறை காலியாகவே கிடந்தது. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. வாஷர் மாற்ற ஆள் கூப்பிட வேண்டியதுதானே? எந்த முகத்தோடு கூப்பிடுவார்? குழாய் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்று ஒரு பயம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவருடையது சொட்டியது.

நாலாம் நாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'விருந்தினர் 4417 கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டதால், தங்கள் மீது பாகுபாட்டு ஐயம் தானாகவே எழுந்துள்ளது. அரவணைப்புப் பிரிவுக்கு நேரில் வரவும்.'

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்கு நிம்மதியாக இருந்தது. யாராவது நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் தேவலை. தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம். அந்த ஆளின் விலாசத்தையும் வாங்கி, நேரே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம். அந்த அம்மா மூன்று நாளும் எங்கே படுத்தாள்? அது ஒன்று தெரிந்தால் போதும்.

அரவணைப்புப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் பலகை: 'அனைவரும் எங்களவரே'. அதற்குக் கீழேயே இன்னொன்று: 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது'. காவலாளி இவரைச் செருப்பிலிருந்து தலை வரைக்கும் அளந்துவிட்டு, "தங்க உறுப்பினரா, வெள்ளியா?" என்றான். வெறும் உறுப்பினர் என்றதும் வெளியே பெஞ்சைக் காட்டினான். தங்க உறுப்பினர்களுக்கு உள்ளே சோபா இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

பிரிவின் பொறுப்பாளர் அம்மாள் சிரித்த முகத்தோடு எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க வாங்க. பயப்படவே பயப்படாதீங்க. குழாய் ஒடைஞ்சதுன்னு நீங்க காரணம் சொன்னதா விருந்தினரே பதிஞ்சிருக்கார். அப்ப இது பாகுபாடே இல்ல சார். பராமரிப்பு."

"மேடம், குழாய் ஒடையல. நான் பொய் சொன்னேன்."

பொறுப்பாளரின் சிரிப்பு கொஞ்சங்கூடக் குறையவில்லை. கணினியைப் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லயே சார். பாருங்க: குழாய், கரண்ட், பூச்சி மருந்து, சொந்தக்காரர் வருகை, இதர. இதரன்னு போட்டா மேல விசாரிப்பாங்க. எதுக்கு வம்பு?"

"விசாரிக்கட்டும் மேடம். நான் அந்த ஆளைப் பாத்துட்டுத்தான் வேணாம்னேன்."

"சார், நீங்க ரொம்ப நல்லவரா இருக்கீங்க. ஆனா எங்க பிரிவோட சாதனையக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. போன வருஷம் பதினோராயிரம் ஐயம் எழுந்தது. ஒண்ணுலகூடப் பாகுபாடு நடக்கலன்னு நிரூபிச்சிருக்கோம். ஒண்ணுலகூட! ஏழாயிரம் குழாய், ரெண்டாயிரத்துச் சொச்சம் கரண்ட், மிச்சம் பூராவும் பூச்சி மருந்தும் திடீர்னு வந்த மாமியாருங்களும். இந்த ஊர்க் குழாய்ங்கதான் சார் மோசம், ஜனங்க தங்கம். இப்பப் போய் நீங்க ஒருத்தர் பாகுபாடு பண்ணேன்னு சொன்னா, எங்க பிரிவு எதுக்கு இருக்குன்னு நாலு பேர் கேக்கமாட்டாங்களா?"

அவர் அதையும் யோசித்துப் பார்த்தார், பாவம். "சரி மேடம். அவங்க எங்க தங்கினாங்கன்னு மட்டுமாவது சொல்லுங்களேன். மன்னிப்புக் கேக்கணும்."

"ஐயோ, அது விருந்தினரோட அந்தரங்கம் சார்" என்றார் பொறுப்பாளர், முதல் முறையாகச் சிரிப்பை நிறுத்திவிட்டு. "நாங்க யாரையும் ஆளாப் பாக்கறதே இல்ல. நம்பராத்தான் பாக்கறோம். அதுல ஏத்தத் தாழ்வே வராது. உங்களை ஒரு பயிற்சிக்கு அனுப்பறேன். மனசு லேசாயிடும்."

பயிற்சி அடுத்த வாரம் நடந்தது. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள். தங்கத்துக்கு முன்வரிசை, வெள்ளிக்கு நடு, வெறுமனே இருப்பவர்களுக்குத் தூணுக்குப் பின்னால். பயிற்சியாளர் ஆளுக்கொரு கறுப்புத் துணி கொடுத்துக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "கண்ணைக் கட்டிட்டா எல்லாரும் சமம்! எதிர்ல யார் வந்தாலும் இருகரம் நீட்டி வரவேற்கணும்!"

பன்னிரண்டு பேரும் குருட்டாம்போக்கில் நடந்தார்கள். வாழ்நாளெல்லாம் ஊராருக்குப் பார்வை கொடுத்த கண்ணாடிக்காரர் கையை நீட்டிக்கொண்டு போய், மூலையிலிருந்த தண்ணீர் டிரம்மைக் கட்டிக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றார். அதன் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டையெல்லாம் நனைந்தது. பயிற்சியாளர் அவருக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்.

தேநீர் இடைவேளையில் வீட்டுக்காரர்கள் மனம் விட்டுப் பேசிக்கொண்டார்கள். "நான் மோட்டார் எரிஞ்சிடுச்சுன்னு சொல்லுவேன். குழாய்ன்னா சிலபேர் பரவாயில்லம்பாங்க" என்றார் ஒருவர். "எங்க வீட்ல எப்பவும் பூச்சி மருந்துதான். வாசல்லயே மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னாப் போதும்" என்றாள் ஒரு அம்மாள். பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு, "காரணத்தைக் கண்ணியமாச் சொல்றீங்க பாருங்க, அதுதான் பண்பு" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு அடக்க முடியவில்லை. ஈரச் சட்டையோடு எழுந்து நின்றார். "நான் ஒரு நோயாளிப் பொம்பளையை கேட்டுலேர்ந்தே திருப்பி அனுப்பிட்டேன். ஆபரேஷன் ஆனவங்க. மேல கட்டில் போட்டு வச்சிருந்தோம். தண்ணி இருந்தது. எல்லாம் இருந்தது. வேணும்னேதான் அனுப்பினேன்."

அப்பாடா, இப்போதாவது யாராவது ஒருத்தர் 'சீ' என்று சொல்லப் போகிறார்கள் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"இந்த நேர்மைக்கு ஒரு பலத்த கைதட்டல்!" என்றார் பயிற்சியாளர்.

தட்டினார்கள் ஐயா, தட்டினார்கள். முன்வரிசைத் தங்கங்கள் எழுந்து நின்று தட்டின. பூச்சி மருந்து அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே அவரை வெள்ளிக்கு உயர்த்தி, சட்டையில் ஒரு பதக்கம் குத்தி, தூணுக்குப் பின்னாலிருந்து நடுவரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். செருப்பால் அடி வாங்கத் தயாராகப் போனவருக்கு மாலை போட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்? அவர் அப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சட்டையில் குத்தியிருந்த பதக்கத்தை மனைவி பார்த்தாள். "என்னங்க இது? எதுக்குக் குடுத்தாங்க?"

சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். வாஷர் வரைக்கும் சொன்னார்.

அவள் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் மேல தண்ணி பிடிச்சிட்டிருந்தேனே, அது அந்தம்மாவுக்குத்தாங்க" என்றாள். "நான் பிடிக்கற சத்தம் அவங்க காதுல விழுந்திருக்கு. உள்ள ஒருத்தி தண்ணிய வச்சிக்கிட்டு இல்லேன்னு சொல்லச் சொல்றான்னுதானே நெனச்சிருப்பாங்க? என்னையும் சேத்துல்ல நாற வச்சிட்டீங்க."

அவர் பதக்கத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார்.

விஷயம் அதோடு முடிந்ததா? முடியவில்லை. கோப்பை மூட ஒரு காகிதம் பாக்கி இருந்தது. பொறுப்பாளர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். "சார், சம்பவ தேதியில குழாய் ஒடைஞ்சிருந்ததுன்னு ஒரு சான்றிதழ் வேணும். கஷ்டமே இல்ல. எங்க பட்டியல்ல இருக்கற ஆளை நாங்களே அனுப்பறோம், கையெழுத்துப் போட்டுடுவார். வெள்ளி வீட்டுக்குண்டான வரவேற்புப் பலகையையும் அவரே மாட்டிடுவார். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்."

மறுநாள் காலை பத்து மணிக்கு கேட்டில் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் கடையிலிருந்து எழுந்து வந்தார்.

ரெக்சின் பையோடு அதே ஆள் நின்றுகொண்டிருந்தார். கக்கத்தில் ஒரு பளபளப்பான பலகை.

அவரைத்தான் அனுப்புகிறோம் என்று கம்பெனிக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்! தங்க வந்தபோது அவர் 4417. வேலைக்கு வரும்போது வேறு நம்பர். ஆளாகப் பார்த்தால்தானே தெரியும்.

கண்ணாடிக்காரர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீங்களா? இங்க வர்றதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அட்ரஸ் பாத்ததுமே தெரிஞ்சுது சார்."

"வரமாட்டேன்னு சொல்லியிருக்கலாமே."

"நான் ஒரு வீட்டை வேணாம்னு சொன்னா மூணு மாசத்துக்கு வேற வேலை தரமாட்டாங்க சார்" என்றார் குழாய்க்காரர், சாதாரணமாக. "உள்ள வரலாமா?"

கண்ணாடிக்காரர் தாழ்ப்பாளைத் திறந்தார். குழாய்க்காரர் மாடிப்படி ஏறினார். ஏறும்போதே வாய்க்குள் எண்ணினார். மேலே போய் நின்றதும், "பதினாலு. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார்.

கண்ணாடிக்காரரும் பின்னாலேயே ஏறி வந்தார்.

"நீங்க பதினாலுன்னு சொன்னதும் இவ ஆஸ்பத்திரிப் படியில ஏறிப் பழகினா சார். மொத நாள் ஆறு. அப்பறம் ஒம்போது. கெளம்பற அன்னைக்குப் பதினாலும் ஏறிட்டா. நர்ஸம்மாவையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினா." அவர் குளியலறைக்குள் போய்க் குழாயைக் கழற்றினார். நைந்து போன வாஷரை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் போட்டார்.

"இப்ப... எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா. ஆஸ்பத்திரி வாசல்ல மருந்துக் கடைப் பக்கமா ஒரு மறைப்பு இருந்தது. மூணு நாள் அங்கயே சமாளிச்சோம். கட்டு மாத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்." புது வாஷரைப் போட்டு முடுக்கினார். திறந்தார், மூடினார். ஒரு சொட்டு விழவில்லை. கதவோரம் நின்றிருந்த கண்ணாடிக்காரரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தார். "கையெழுத்து எங்க போடணும் சார்?"

"போடாதீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "குழாய் நல்லாத்தான் இருந்தது, இந்த ஆள் பொய் சொன்னான், என்னையும் என் பொண்டாட்டியையும் வெளிய நிக்க வச்சான்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

குழாய்க்காரர் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்குக் கட்டம் இல்லயே சார். நான் பாட்டுக்கு எழுதிட்டா எனக்கு அடுத்த வேலை வராது. நீங்க எழுதினா உங்களுக்கு என்ன, இன்னொரு தடவ கைதட்டுவாங்க."

அது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தெரிய என்ன இருக்கிறது? ஊரில் இவர் இந்தக் காகிதத்தோடு ஒரு வீட்டு கேட்டிலா நின்றிருப்பார்.

'குறிப்பிட்ட தேதியில் குழாய் உடைந்திருந்தது' என்ற கட்டத்தில் டிக் போட்டு, குழாய்க்காரர் கையெழுத்துப் போட்டார். தன்னைத் துரத்திய பொய்க்குத் தானே சாட்சி. மன்னிச்சிடுங்க என்கிற ஒரு வார்த்தை கண்ணாடிக்காரரின் தொண்டை வரை வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிய பிறகு அதை எந்த வாயால் சொல்வது? முழுங்கிவிட்டார்.

பலகை மாட்டுவது மட்டும் பாக்கி. இரண்டு பேரும் கேட்டுக்கு வந்தார்கள். பித்தளைப் பூச்சில் பெரிய எழுத்து: 'இந்த வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்'. கூடவே கம்பெனியின் குறிப்பு ஒன்று: கேட்டுக்கு வெளியே நிற்பவரின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி மாட்டவும்.

குழாய்க்காரர் கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு, கம்பிகளுக்கு மேலாகக் கையை நீட்டி, கேட்டின் மரத்தூணில் பலகையைத் தூக்கிப் பிடித்தார். "சார், ஒரு ஒத்தாசை. நான் அன்னைக்கு நின்ன எடத்துல போய்க் கொஞ்சம் நில்லுங்க. ஒயரம் சரியான்னு பாக்கணும்."

அவர் போனார். தாழ்ப்பாளைத் தானே திறந்து, வெளியே போய், வெயிலில், அந்த இடத்தில் நின்றார். கேட் மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது. அங்கேயிருந்து பார்த்தபோது மாடி ஜன்னல் தெரிந்தது. ஜன்னலோரம் போட்டிருந்த கட்டில் தெரிந்தது. அதன் மேல் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு தெரிந்தது. அன்றைக்கும் இதெல்லாம் இங்கே நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். முப்பது வருஷம் கடை வைத்திருந்தும் இந்த இடத்தில் அவர் ஒரு நாள்கூட நின்றதில்லை.

கேட்டுக்கு உள்ளேயிருந்து குழாய்க்காரர் கேட்டார்:

"இப்பத் தெரியுதா சார்?"

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். எழுத்து கலங்கலாகத்தான் இருந்தது.

"தெரியுது" என்றார்.

"அப்ப ஆணி அடிச்சிடறேன்" என்றார் குழாய்க்காரர்.